ஆறு வாரக் கைமாற்று

சுபாஷிணி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அவளுடைய இடது கை பின்னால் போனது. கூந்தலை ஒரே பிடியில் அள்ளி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக் கொண்டை போட்டது. போட்டு முடித்ததும், குழந்தையைத் தட்டுவது போல, கொண்டையை லேசாக ஒரு தட்டுத் தட்டியது.

ஒற்றைக் கையால் கொண்டை போட அவளுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுவரை இரண்டு கையாலும் ஒழுங்காகப் போட வந்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. வீட்டில் பாராட்டவோ குறை சொல்லவோ வேறு ஆள் கிடையாது.

வலது கை கட்டுப் போட்டு, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. குளியலறை ஈரத்தில் வழுக்கி, விழாமலிருக்கக் கையை ஊன்றி, மணிக்கட்டு நொறுங்கி, இப்போது உள்ளே ஒரு தகடும் சில திருகாணிகளும் குடியிருந்தன. "நெஞ்சுக்கு மேல தூக்கியே வைங்க. விரலை மட்டும் ஆட்டுங்க. எதையும் தூக்காதீங்க, காலி டம்ளரைக்கூட" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்டார். யாரும் இல்லை என்று அவள் சொன்னாள். அப்போதுதான் அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். அங்கே கதவில் 'கைமாற்று' என்று எழுதியிருந்தது.

ரிஸ்வானா என்ற பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பேச்சில் அவசரமே இல்லாதவள்.

"உங்க இடது கைக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க மேடம். அதுக்குப் பொறுமையும் கிடையாது. என்னாகும்? நாலாவது நாள் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வலது கையைத் தொட்டில்ல இருந்து எடுத்துருவீங்க. உள்ள ஸ்க்ரூ நகந்துரும். மறுபடியும் ஆபரேஷன். தனியா இருக்கறவங்க எல்லாருக்கும் இதே கதைதான்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பொறப்புலயே இடது கைப்பழக்கம் உள்ள ஒருத்தரோட பழக்கத்தை உங்க இடது கைக்கு மாத்தித் தர்றோம். முழங்கைக்குக் கீழ இந்தப் பட்டையைக் கட்டிட்டாப் போதும். ஆறு வாரம். எலும்பு சேந்ததும் திருப்பி வாங்கிக்குவோம்."

"கையையா?"

"கை உங்களோடதுதாங்க. பழக்கம் மட்டும் அவங்களோடது. வண்டி உங்களுது, டிரைவர் அவங்க."

"அவங்கன்னா யாரு?"

"அது மட்டும் கேக்கக் கூடாதுங்க. நீங்க யாருன்னும் அவங்களுக்குத் தெரியாது."

இந்தக் காலத்தில் கோவையில் டவுன் பஸ்ஸே டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. கைக்கு டிரைவர் வந்தால் என்ன? சுபாஷிணி தனக்குத் தெரிந்த வகையில் அதைப் புரிந்துகொண்டாள். யாரோ ஒருவரின் கைப்பழக்கத்தைப் பாட்டுப்போலப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு நகலைத் தனக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். பட்டையைக் கட்டிக்கொண்டு பீளமேட்டில் இருக்கும் தன் பதினோராவது மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த கை சாமர்த்தியமான கை. ஒற்றையாளாக வெங்காயம் உரித்தது. பால் பாக்கெட்டைப் பல்லில் வைக்காமலே கிழித்தது. குளிக்கும்போது கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்டை இரண்டு விரலில் விரித்து ஏற்றியது. அதற்கென்று சில குறும்புகளும் இருந்தன. பால்கனித் தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளிக் கசக்கி அவள் மூக்குக்குக் கொண்டுவந்தது. சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் போட்டுச் சுழற்றியது. அவள் வேலை பார்க்கும்போது மேஜையில் மெல்லத் தாளம் போட்டது.

சுபாஷிணியின் வேலை வீட்டிலிருந்தே நடந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புகார்களை இயந்திரங்களே தீர்த்துவிடும். 'எனக்கு மனுஷங்ககூடத்தான் பேசணும்' என்று அடம்பிடிக்கிறவர்களை மட்டும் இவளிடம் தள்ளிவிடுவார்கள். நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களிடம் "உங்க சிரமம் புரியுதுங்க" என்று சொல்லுவாள். சாயங்காலம் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டால் அதன்பிறகு அவளிடம் பேச ஆளில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, நான்கு வருஷம் நீடித்தது. தம்பி மெல்போர்னில் இருக்கிறான், பண்டிகைக்குப் படம் அனுப்புவான்.

ஆனால் இந்தக் கை அவளைத் தனியாக விடவில்லை. லிஃப்டில் கூட்டம் ஏறினால் அவள் யோசிக்கும் முன்பே இடது கை எழுந்து கட்டுப்போட்ட கைக்கு முன்னால் அரணாக நின்றது. சோபாவில் சாய்ந்தால் தலையணையை இழுத்துப் போட்டு வலது முழங்கையை அதில் ஏற்றியது. அவள் கண்ணயர்ந்தால் கட்டின்மேல் பாரமில்லாமல் வந்து படுத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். தன்னை ஒருவர் கடைசியாக எப்போது இப்படித் தொட்டார் என்று சுபாஷிணி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

ஒரே ஒரு சிக்கல்தான். அந்தக் கை சாப்பிட மறுத்தது.

முதல் நாளே அதைக் கண்டுகொண்டாள். ரசம் சாதத்தைப் பிசைந்தது. உருட்டியது. வாய்க்கு ஒரு சாண் தூரம் வந்ததும் நின்றது. பிறகு கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு, விருட்டென்று அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதேதான். ஸ்பூனைக் கொடுத்துப் பார்த்தாள். ஸ்பூனும் முதுகுக்குப் பின்னால் போனது, சேலையெல்லாம் ரசம்.

ரிஸ்வானாவைக் கூப்பிட்டாள்.

"உங்க சிரமம் புரியுதுங்க மேடம்" என்றாள் ரிஸ்வானா.

சுபாஷிணிக்குச் சிரிப்பு வந்தது. "அது என்னோட டயலாக்குங்க. விஷயத்தைச் சொல்லுங்க."

"இந்தப் பட்டையைச் செஞ்சவங்க வெளிநாட்டுக்காரங்க. அங்க இடது கைக்காரங்க இடது கையாலயே சாப்பிட்டுக்கறாங்க. அதனால சாப்பாட்டை அவங்க தனியா சோதிச்சே பாக்கலை. நம்மூர்ல எப்படிங்க? எழுதினா விட்டுருவாங்க, பந்து வீசினா விட்டுருவாங்க, சோத்துல வெச்சா விடுவாங்களா? இங்க ஒவ்வொரு இடது கையும் சோத்துத் தட்டுல அடி வாங்கின கைதான். பழக்கத்தை வாங்கினா அந்த அடியும் சேந்துதான் வரும். கஞ்சி, ஜூஸ்னு டம்ளர்ல குடிச்சுக்குங்க. டம்ளருக்குப் பயப்படாது."

அவள் கஞ்சி குடித்தாள். கஞ்சி குடித்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் போகிறதே, அது பெரியவர்கள் கை ஒளிகிற மாதிரி இல்லை. ஐந்து வயசுக் கை ஒளிகிற மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் கதவைத் தாழிட்டாள். திரைச்சீலையை இழுத்து விட்டாள். தட்டில் நாலைந்து நேந்திரங்காய் சிப்ஸை மட்டும் வைத்தாள்.

"இங்க பாரு. யாரும் இல்லை. நான் மட்டும்தான். நானும் கண்ணை மூடிக்கறேன்" என்றாள்.

கை ஒன்றை எடுத்தது. மேலே வந்தது. மோவாய்க்குப் பக்கத்தில் நடுங்கியது. ஓடப் பார்த்தது.

அப்போது சுபாஷிணி டாக்டர் சொன்னதை மீறினாள். முழுக்க மீறவில்லை. விரலை ஆட்டலாம் என்றுதானே சொல்லியிருந்தார்? தொட்டிலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீங்கிய வலது விரல்களை நீட்டி, நடுங்கும் இடது கையின் புறங்கையில் வைத்தாள். மணிக்கட்டுக்குள் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிக்கிற கை, பயப்படுகிற கையை மெல்லத் தடவிக் கொடுத்தது.

சிப்ஸ் வாய்க்குள் வந்தது. மொறுமொறுவென்று சத்தம் கேட்டதும் கை திடுக்கிட்டது. ஆனால் ஓடவில்லை.

அடுத்தது ஒரு இட்லித் துண்டு. பிறகு தயிர்சாதம். ஒரு வாரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு முழுத் தட்டைக் காலி செய்தார்கள். "இருவரும்" என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தண்டபாணி வந்தார். நல்ல மனிதர். கீழே அவர் வீட்டில் என்ன செய்தாலும் மேலே ஒரு கிண்ணம் வரும். தன் அபிப்பிராயத்தையும் அதே கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவருவார்.

"ஏனுங்கம்மா, கதவு திறந்து கிடக்குது, உள்ள..." என்றவர் நின்றார். "அட, பீச்சாங்கையிலயா சாப்பிடறீங்க?"

"வலது கை ஆபரேஷன் ஆன கைங்க."

"அது தெரியுமுங்க. இருந்தாலும் பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதில்ல. கைய மாத்துங்க. ஒரு வாய்னாலும் அந்தக் கையில..."

அவர் முடிப்பதற்குள் சோற்றுக் கவளம் தரையில் விழுந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் பாய்ந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பாய்ந்தது. கைய மாத்து. யாரோ ஒருவர், ஏதோ ஒரு சமையலறையில், ஒவ்வொரு வேளையும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் புறங்கையில் அடித்திருக்கிறார்கள். சுபாஷிணியின் புறங்கை சுட்டது. அவளை யாரும் அப்படி அடித்ததில்லை.

"தண்டபாணி சார்" என்றாள் நிதானமாக. "இந்தக் கிண்ணத்தை எந்தக் கையில கொண்டுவந்தீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். வலது கையில் போன், இடது கையில் கிண்ணம்.

"அப்ப உங்க வீட்டு அவியலை நான் சாப்பிடலாங்களா, வேண்டாங்களா?"

தண்டபாணி ஒரு கணம் முழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "உங்ககிட்ட புகார் சொல்றவன் ஜெயிச்ச மாதிரிதான்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். முதுகுக்குப் பின்னால் இருந்த கையைத் திரும்ப அழைக்கச் சுபாஷிணிக்கு அன்று வெகுநேரம் ஆனது. அவியலை அது கடைசியில் சாப்பிட்டது.

ஆறு வாரம் முடிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. கட்டைப் பிரித்தார்கள். உள்ளே மெலிந்து வெளுத்த ஒரு கை, தழும்போடு. கீழ்த்தளத்தில் ரிஸ்வானா பட்டையைக் கழற்ற நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வலி இருக்குங்களா மேடம்?"

வலி இல்லை. கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான். சுபாஷிணி தன் இடது கையைப் பார்த்தாள். அது வழக்கம்போல வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் லிஃப்டில் தனியாக நிற்க வேண்டும். சோபாவில் தனியாகச் சாய வேண்டும்.

"இருக்குங்க. நல்லா வலிக்குது" என்றாள்.

ரிஸ்வானா தயங்கினாள். "சரிங்க. இன்னும் ரெண்டு வாரம் நீட்டிக்கறேன்."

அந்த இரண்டு வாரமும் பண்டிகைபோலப் போனது. கையும் அவளும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பேரூர்வரை போய்வந்தார்கள். கை அவளுக்கு ஒன்றரை முழம் மல்லிகை வாங்கிக் கொண்டையில் செருகிவிட்டது. இரண்டு வாரம் முடிந்ததும் அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிறது என்றாள்.

ரிஸ்வானா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேடம், இது இப்ப உங்களுக்குத் தேவைப்படலைன்னு எனக்குத் தெரியும். உங்க எக்ஸ்ரேயை நானும் பாத்தேன். பிடிச்சுப்போச்சு, இல்லீங்களா?"

சுபாஷிணி முந்தானையை இழுத்துப் பட்டையை மூடினாள்.

"அங்க அவங்க காத்துட்டிருக்காங்க."

"யாரு?"

"கையைக் கொடுத்தவங்க."

"அவங்க எதுக்குக் காத்திருக்கணும்? என்கிட்ட இருக்கறது நகல்தானே? அசல் அவங்ககிட்ட இருக்குமில்ல?"

ரிஸ்வானா அவளை வினோதமாகப் பார்த்தாள். "நகலா? யாருங்க அப்படிச் சொன்னாங்க? நகல் எடுக்க முடிஞ்சா நாங்க ஏன் இத்தனை ஆள் தேடறோம்? வெளியே பேர் எழுதியிருக்கே, படிக்கலையா? கைமாத்து. பக்கத்து வீட்டுல ஒரு படி அரிசி கைமாத்து வாங்கினா, அந்த அரிசி அவங்க வீட்டுலயும் இருக்குமுங்களா?"

சுபாஷிணி நாற்காலியில் நிமிர்ந்தாள். "அப்ப அவங்க இடது கை?"

"தொங்கிட்டிருக்கு. தொட்டா தெரியும், சூடு தெரியும். ஆனா ஒண்ணும் பண்ண வராது. அவங்களுக்கு நாங்க பணம் தர்றோம், விருப்பப்பட்டுத்தான் தர்றாங்க. தப்புன்னு சொல்லலை. ஆனா ஆறு வாரம்னு சொல்லி வாங்கினோம். எட்டாச்சு. சாப்பாட்டைத் தவிர எல்லாத்துக்கும் அவங்களுக்கு அந்தக் கைதான்."

"கோவமா இருக்காங்களா?"

"அதாங்க எனக்கே ஆச்சரியம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சோதனைக்கு வர்றாங்க, பின்பக்க வாசல் வழியா. வந்ததும் ஒரே கேள்விதான். 'அவங்களுக்கு இப்ப எப்படிங்க இருக்கு?' நான் நீட்டிச்சுட்டேன்னு சொன்னப்பக்கூட, 'ஐயோ, அவ்வளவு வலியா, பாவம்'னாங்க. தன் கையைப் பத்தி அதுக்கப்புறம்தான் கேட்டாங்க."

இத்தனை வாரமாக யாராவது தன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்களா என்று சுபாஷிணி பலமுறை நினைத்ததுண்டு. தம்பி ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினான். அலுவலகத்திலிருந்து தானியங்கி வாழ்த்து வந்தது. ஒருத்தி வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத்தான் சுபாஷிணி ஏமாற்றியிருக்கிறாள்.

"வலி இல்லைங்க" என்றாள். "போன தடவையும் இல்லை. கழட்டிடுங்க."

பட்டை கழன்றபோது எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. வலது மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக விலகின. பிறகு அவளுடைய பழைய இடது கை, எதற்கும் உதவாத கை, மடியில் வந்து விழுந்தது.

வீட்டுக்குப் போனாள். பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியைத் தாண்டினாள். கை சும்மா இருந்தது. திரும்பி நடந்து தானே ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். வாசனை அதேதான். ஆனால் யாரும் நீட்டவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க அவள் இன்னும் சில வாரம் மருத்துவமனைக்கு வரவேண்டியிருந்தது. எந்தக் கிழமை வசதிப்படும் என்று கேட்டார்கள். செவ்வாய் என்றாள். பயிற்சி முடிந்ததும் தரைத்தளக் கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து, சாப்பிடுகிறவர்களின் கைகளைப் பார்ப்பாள். எல்லாரும் வலது கையால் சாப்பிட்டார்கள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியும் வலது கையால் சாப்பிடுகிறவள்தானே?

கடைசிப் பயிற்சிக்கு வந்த செவ்வாய்க்கிழமை கேன்டீனில் நல்ல கூட்டம். அவள் வலது கையால் மெதுவாக, சிந்தாமல், எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன் மேஜையில் இரண்டு பேர், அவளுக்குப் பாதி முதுகைக் காட்டியபடி ஒரு பெண்ணும், எதிரில் அவளுடைய மாமியார் போலத் தெரிந்த ஒரு வயதானவரும். வயதானவர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் அது சுபாஷிணிக்குக் கேட்டது.

"ஏ கண்ணு. என்ன இது புதுசா? நாலு பேரு பாக்கறாங்க. கைய மாத்து."

சுபாஷிணியின் கவளம் பாதி வழியில் நின்றது.

அந்தப் பெண்ணின் இடது கை தயிர்சாதத்தோடு காற்றில் நின்றது. மோவாய்க்குப் பக்கத்தில் லேசாக நடுங்கியது. ஓடப் போகிறது என்று சுபாஷிணி நினைத்தாள். மேஜைக்கு அடியில் அவளுடைய விரல்கள் தாமாக நீண்டன, யாரையோ தடவிக் கொடுக்க.

கை ஓடவில்லை. நிதானமாக வாய்க்குப் போனது.

"நானா பண்ணலைங்கத்தே" என்றாள் அந்தப் பெண், மென்றுகொண்டே. குரலில் வியப்பு இருந்தது. "திரும்பி வந்ததுல இருந்து அதுவாவே வருது. சின்ன வயசுல அவ்வளவு அடி வாங்கிருக்கேன், இப்ப பயமே இல்லை. எங்கயோ போய் தைரியம் கத்துட்டு வந்திருக்கு."

"அது சரி. வலது கையில என்ன? எந்நேரமும் பிடிச்சுக்கறயே, வலியா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லைங்கத்தே. சும்மா இருந்தா இது போய் அதைப் பிடிச்சுக்குது."

சுபாஷிணியால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாள். நீர் முகத்தில் அடித்ததா, கண்ணில் வந்ததா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்தாள். அவிழ்ந்த கூந்தலை இரண்டு கையாலும் தடுமாறிச் சுற்றிச் செருகினாள். வீட்டில் தினமும் முயன்று அரைகுறையாகக் கற்றுக்கொண்ட கொண்டை. முடித்ததும், தன்னையறியாமல், அதை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

கண்ணாடியில் பின்னால் ஒரு முகம் நின்றது. நாற்பது வயதிருக்கும், கறுத்த, களைத்த, நல்ல முகம். முன் மேஜைப் பெண்தான், பக்கத்துக் குழாயில் கை கழுவி முடித்திருந்தாள். அவள் பார்வை சுபாஷிணியின் கொண்டையில் இருந்தது. பிறகு மெல்ல இறங்கி வலது மணிக்கட்டுத் தழும்பில் வந்து நின்றது. அவளுடைய கொண்டையும் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி உள்ளே செருகிய கொண்டைதான்.

சுபாஷிணி திரும்பினாள். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்தப் பெண்ணும் எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவளுடைய இடது கை, தான் பிடித்திருந்த அவளுடைய வலது மணிக்கட்டை விட்டுவிட்டு, வழி தெரிந்ததைப்போல நேராக வந்து, சுபாஷிணியின் வலது மணிக்கட்டைப் பாரமில்லாமல் பிடித்துக்கொண்டது.

"இப்ப எப்படிங்க இருக்கு?" என்றாள்.